மாதாவின் காலடிப் பொடி

மரத்தைத் தொடுவதற்கு முன் லியனார்ட் சோப்புக் கட்டியில் செதுக்கினார்.

மனைவி மகதலேனாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. கிள்ளானில் ரத்தம் சுத்திகரிக்கும் மையம் ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்துப்போவார். அவளை இயந்திரத்தோடு இணைத்த பிறகு மதியம் வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். கூடக் காத்திருந்தவர்கள் கைப்பேசி பார்த்தார்கள். லியனார்ட் ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷனாக இருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லாததுபோல் இருக்கும். ஒருநாள் பக்கத்துக் கடையில் வாங்கிய சோப்பைப் பிரித்து, ஒரு சின்னக் கத்தியால் மீன் செய்தார்.

தாதி வெளியே வந்து தரையில் கிடந்த துருவலைப் பார்த்தாள்.

"அங்கிள், போறப்ப அப்படியே தண்ணி ஊத்திக் கழுவி விட்டுருங்க. சோப்புதான் ரெடியா இருக்கே."

மீனுக்குப் பிறகு புறா, ஆமை, யானை. மகதலேனா அவற்றை வைத்துத்தான் குளித்தாள். "உங்க யானைக்கு இன்னிக்குத் தும்பிக்கை போச்சு" என்று குளியலறையிலிருந்து குரல் வரும். செய்தது கரைந்துபோவதில் இருவருக்கும் வருத்தம் இல்லை. அடுத்தது செய்ய அது ஒரு காரணமாக இருந்தது.

அவள் இறந்த பிறகு சோப்பைத் தொட அவருக்குப் பிடிக்கவில்லை. கரையாத ஒன்றில் செதுக்க வேண்டும் என்று நினைத்தார்.

அவர் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவும் ரயில்வே. அந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அந்த வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் "கொசு ஜாஸ்தி" என்பார். வேறு எதுவும் சொன்னதில்லை. இப்போது கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருக்கிறார். மகள் ஆட்ரி ஆக்லாந்தில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் கைப்பேசித் திரையில் தோன்றுவாள். ரத்த அழுத்தம் கேட்பாள். அங்கே குளிரா என்று அவர் கேட்பார். குளிர்தான் என்பாள்.

கோயிலில் நிறையப் பேர் அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கார் கதவைத் திறந்துகொண்டே கேட்பார்கள். சில நாட்கள் மாலையில் தேநீர்க் கடைக்குப் போய், பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு "தே ஓ கோசோங்" என்று சொல்லும்போது குரல் கம்மி வரும். அன்று அதுதான் முதல் பேச்சு என்று அப்போது உறைக்கும்.

மரம் கொடுத்தது தம்புசாமி. ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு மரச்சாமான் ஃபேக்டரியில் லோரி ஓட்டுகிறவர். அறுத்த ரப்பர் மரத்தை ஏற்றி வருவது அவர் வேலை. தேநீர்க் கடையில் பழக்கம்.

"என்ன சைஸ் வேணும்?"

"முழங்கை உயரம். மருந்து போடாத கட்டையா கொடுங்க."

"மருந்து போடாததா? ரப்பர் மரம் லா அது. அறுத்த ஒடனே மருந்துத் தொட்டியில முக்கி எடுத்துருவாங்க."

"மாதா செய்யப் போறேன். விஷத்துல முக்குன கட்டையில மாதாவ செய்யறதா?"

தம்புசாமி யோசித்தார். சாமிக்குப் படைக்கும் முன் யாரும் உப்புக்கூடப் பார்க்காத வீட்டில் வளர்ந்தவர் அவர். லியனார்ட் சொன்னது அவருக்கு நியாயமாகவே பட்டது.

"சரி. சாமி விஷயம். பச்சையா எடுத்துத் தரேன்."

கட்டை வெண்ணெய் நிறத்தில் இருந்தது. காயவைத்து, பல மாதங்கள் செதுக்கினார். ஆரோக்கிய மாதா. சேலை மடிப்பு எளிதாக வந்தது. கையில் குழந்தையும் வந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை. வேறு துண்டுகளில் செதுக்கிப் பார்த்தார். ஒன்று மகதலேனா ஆனது. இன்னொன்று அந்தத் தாதி ஆனது. முகத்தை முட்டை வடிவத்தில் அப்படியே விட்டு, மாதாவைக் கூடத்து மேசையில் ஒரு கறுப்புத் துணிமேல் நிறுத்தினார். தோன்றும்போது செய்யலாம்.

பவுனம்மாள் வந்தது மின்தூக்கி பழுதாகிக் கிடந்த வாரத்தில். அவர் வீடு இரண்டு மாடி மேலே. தமிழ்ப்பள்ளி ஒன்றின் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். கணவர் இல்லை. கைகளில் பைகளோடு படியேறி வந்தவர் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டார். லியனார்ட் காற்றுக்காக மரக்கதவைத் திறந்து, கம்பிக் கதவை மட்டும் சாத்தியிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? முட்டி போச்சு."

கம்பிக் கதவைத் திறந்துவிட்டு லியனார்ட் சமையலறைக்குப் போனார். குவளையோடு திரும்பியபோது பவுனம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு மேசைமுன் நின்றிருந்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

"மூஞ்சி?"

"இன்னும் வரல."

"வரும், வரும். அவங்களா வருவாங்க."

பிறகு குனிந்தார். மாதாவின் காலடியில், கறுப்புத் துணியில், வெளிர்ப் பொடி சின்னக் குவியலாகக் கிடந்தது. பவுனம்மாள் அதை விரலால் ஒற்றி நெற்றியில் இழுத்துக்கொண்டார். கண்ணை மூடி நின்றார்.

லியனார்ட் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது உப்புக்காகிதம் தேய்த்த தூள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சொல்லியிருக்கலாம். கண்ணை மூடியிருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கண் திறந்தபோது சொல்லும் நேரம் கடந்துவிட்டிருந்தது.

மறுநாள் மாலை பவுனம்மாள் மறுபடி வந்தார். கையில் மூடி போட்ட டப்பா.

"அண்ணே, குகன் போன் பண்ணிட்டான்."

குகன் யார் என்று லியனார்டுக்குத் தெரியாது. பவுனம்மாள் உட்கார்ந்து சொன்னார். ஒரே மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். போன தீபாவளிக்கு வந்தபோது ஏதோ வாய்ச்சண்டை. கதவைச் சாத்திக்கொண்டு போனவன் அதற்குப் பிறகு பேசவில்லை. இவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

"நேத்து இங்கேருந்து மேல போயி அரிசி களையறேன், போன் அடிக்குது. 'ம்மா, சாப்பிட்டியா'ன்னு கேட்டான். அவ்வளவுதான் பேசுனான். போதுமே அண்ணே."

டப்பாவில் வறுத்த மீ ஹூன் சேமியா இருந்தது. லியனார்ட் தேநீர் போட்டார். பவுனம்மாள் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் குவளைக்குள் பார்த்தார்.

"என்னா அண்ணே இது, ஆஸ்பத்திரியில கொடுக்கிற மாதிரி இருக்கு."

"சீனி குறைச்சுட்டேன்."

"சீனிய மட்டுமா குறைச்சீங்க?"

போகும்போது பவுனம்மாள் மாதாவின் காலடியில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் வந்தார். பள்ளிக்கூடக் கதைகள் சொல்வார். தலைமையாசிரியருக்குச் சம்பல் ஒத்துக்கொள்ளாது, ஆனால் மூன்று முறை கேட்டு வாங்குவார். ஒரு பிள்ளை நாசி லெமாக் சோற்றில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, கடலை வைக்கவில்லை என்று அழுதது. கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்தபோது தன்னை யாரும் பவுனம்மா என்று கூப்பிட்டதில்லை, "குண்டச்சி"தான் என்றார். லியனார்டுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

இதற்கிடையில் அவர் கவனித்தார். உப்புக்காகிதம் தேய்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. துணியைத் தட்டிப் போட்டாலும் மறுநாள் காலையில் பொடி அதே இடத்தில் இருந்தது.

தம்புசாமி ஒரு மதியம் மேலே வந்தார். லோரியைக் கீழே நிறுத்திவிட்டு, மாதாவைப் பார்க்க வந்தவர். அவர் பார்த்தது மாதாவை அல்ல. துணியில் கிடந்ததை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார்.

"மூஞ்சிக்குப் போடுற பவுடர் மாதிரி இருக்கு பாருங்க. தேய்ச்ச தூள் இப்படி இருக்காது."

"கரையானா?"

"கரையான்னா மண்ணு கட்டும். இது பூபுக். உள்ளே புழு இருக்கு. மரத்துல இருக்கிற மாவுச்சத்தத் தின்னுட்டு வழியெல்லாம் பொடியாக்கும். அப்புறம் வண்டாகி, ஓட்டை போட்டு வெளிய வந்து, வேற மரத்துல முட்டை வைக்கும்." மாதாவைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். சேலை ஓரத்தில் குண்டூசி நுனியளவு துளைகள். "வெளிய இவ்வளவுதான் தெரியும். உள்ளே என்ன மிச்சம் இருக்குன்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம். மருந்து வேணாம்னு சொன்னீங்க, நானும் மண்டைய ஆட்டுனேன்."

"பூபுக்" என்று லியனார்ட் சொல்லிப் பார்த்தார்.

"மலாய்க்காரங்களுக்குப் பூச்சியும் பூபுக், பொடியும் பூபுக். ரெண்டும் ஒண்ணா வர்றதாலயோ என்னமோ." தம்புசாமி எழுந்தார். "கொடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போறேன். எங்க ஃபேக்டரியில மரம் காயவைக்கிற ஓவன் இருக்கு. அந்தச் சூட்டுல வச்சு எடுத்தா எல்லாம் செத்துரும். அப்புறம் மருந்து தடவிக்கலாம்."

லியனார்ட் மாதாவைப் பார்த்தார். மாலையில் பவுனம்மாள் வருவார். மேசையில் மாதா இல்லாவிட்டால் எங்கே என்று கேட்பார். திரும்பி வந்த பிறகு காலடியில் பொடி இருக்காது.

"அடுத்த வாரம் தரேன்" என்றார்.

"முகத்த முடிச்சிட்டுக் கொடுக்கலாம்னு பாக்குறீங்களா?"

"ஆமா. முகத்த முடிச்சிட்டு."

அன்று மாலை பவுனம்மாள் சிட்டிகை எடுக்கக் குனிந்தபோது லியனார்ட் சொன்னார்.

"அது பூபுக்."

"ஆமா, பொடிதான். தெரியுதே." பவுனம்மாள் நெற்றியில் பூசிக்கொண்டே சொன்னார். "இந்தோனேசியாக்காரன் கடையில கோப்பித்தூள் பாக்கெட்டுல இதேதான் போட்டிருக்கும். கோப்பி பூபுக்."

சொல்லியாயிற்று என்று லியனார்ட் வைத்துக்கொண்டார். பொய் சொல்லவில்லை. சரியான பெயரைத்தான் சொன்னார். அது இன்னொன்றுக்கும் பெயராக இருந்தால் அவர் என்ன செய்வது.

தம்புசாமி கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்டார். முகம் இன்னும் முடியவில்லை என்றார் லியனார்ட். தம்புசாமி மறுபடி கூப்பிட்டார். ஃபேக்டரிக்கு வர வண்டி கிடைக்கவில்லை என்றார் லியனார்ட். "லோரிய அனுப்பவா" என்று கேட்டதற்கு இணைப்பு சரியில்லாததுபோல் "ஹலோ, ஹலோ" என்றார்.

சில நாட்கள் பொடி விழவில்லை. புழுவுக்கும் ஓய்வு உண்டுபோல. முதல் முறை அப்படி நடந்த அன்று பவுனம்மாள் வெறும் துணியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இல்லையா" என்று கேட்டார். தேநீரையும் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஏதோ வேலை இருந்திருக்கலாம். லியனார்ட் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பவுனம்மாள் வரும் நேரத்துக்கு முன்னால் மாதாவை இடது கையில் பிடித்துச் சாய்த்து, உளியின் மரப்பிடியால் முதுகில் மெல்லத் தட்டினார். துளைகளிலிருந்து பொடி மாவாக இறங்கியது. துணியின் நடுவில், தானாக விழுந்ததுபோல், குவிந்தது.

பிறகு அது பழக்கமாயிற்று. தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். தட்டுவார். கம்பிக் கதவைத் திறந்து வைப்பார். ரயில்வேயில் சிக்னல் பெட்டிகளை வாரம் ஒருமுறை திறந்து சோதித்த அதே ஒழுங்கோடு இதையும் செய்தார். தட்டும் சத்தம் வரவர மாறியது. முதலில் கெட்டியாகக் கேட்டது. பிறகு அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. ஒருநாள் குழந்தையின் ஒரு பாதம் கழன்று துணியில் விழுந்தது. உடைந்த இடத்தில் மரம் இல்லை, மாவு இருந்தது. வெள்ளைப் பசை வைத்து ஒட்டினார். பவுனம்மாள் வந்தபோது பசை இன்னும் காயவில்லை. மாதாவின் அந்தப் பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

ஆட்ரி ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்தபோது, "நீங்க நல்லா இருக்கிற மாதிரி இருக்கு, டாடி" என்றாள்.

"ஆமா" என்றார்.

"சர்ச்ல ஏதாச்சும் குரூப்ல சேர்ந்திருக்கீங்களா?"

"அப்படித்தான்" என்றார்.

மழை விட்ட ஒரு மாலை பவுனம்மாள் வாசலிலேயே நின்றார். கையில் டப்பா இல்லை. முகம் மலர்ந்திருந்தது.

"உக்கார நேரமில்ல அண்ணே. விளக்கு வைக்கணும். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க வீட்டுச் சாமி மேடையிலயும் விழுது."

"என்ன விழுது?"

"பொடி அண்ணே. முருகன் படத்துக்குக் கீழ. அச்சு அசலா இதே மாதிரி. காலையிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நம்ம வீட்டுக்கே வந்துட்டாங்க. இனிமே உங்களுக்கும் தினம் தொந்தரவு இல்ல."

லியனார்ட் தலையாட்டினார். பவுனம்மாளின் செருப்புச் சத்தம் படிகளில் மேலே போயிற்று. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தார்.

தம்புசாமி சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டு பறந்து போய் வேறு மரத்தில் முட்டை வைக்கும். அல்லது, தினமும் இங்கே உட்கார்ந்துவிட்டுப் போனவரின் பையிலோ சேலையிலோ போயிருக்கலாம். எப்படிப் போனாலும் அது இந்த வீட்டிலிருந்து போனதுதான்.

இரண்டு நாட்கள் அவர் மேலே போகவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டாலும் பவுனம்மாள் வரப்போவதில்லை. பிறகு ஏன் சொல்ல வேண்டும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. மூன்றாம் நாள் சிறிய கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினார். இத்தனை மாதத்தில் அந்த இரண்டு மாடிகளை அவர் ஏறியதே இல்லை.

பவுனம்மாள் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க அண்ணே. பாக்கணும்னு தோணிச்சா?"

சாமி மேடை கூடத்துச் சுவரில் மாட்டிய இரண்டு தட்டு மரப்பலகை. ஓரங்களில் வளைவு வேலைப்பாடு. ஒரு பக்க வளைவு மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் மட்டும் வார்னிஷ். அடியிலும் பின்னாலும் பூச்சில்லாத வெறும் மரம். வெண்ணெய் நிறம்.

"குகன் செஞ்சது. வொகேஷனல் ஸ்கூல்ல படிக்கிறப்ப. அந்தப் பக்கம் கோணல்னு மாஸ்டர் மார்க்கக் குறைச்சுட்டாரு. இவன் அங்க சண்டை போட்டு, பலகையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வந்துட்டான்." பவுனம்மாள் சிரித்தார். "அப்பவே அப்படித்தான்."

லியனார்ட் கைவிளக்கை அடியில் பிடித்தார். துளைகள் இருந்தன.

"பவுனம்மா, இது திருநீறு இல்ல."

"நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு அதுக்கு வேற பேரா இருக்கும்."

"பூச்சி. மரத்த உள்ளே தின்னு பொடிய வெளிய தள்ளுது. குகன் செஞ்ச பலகையத் தின்னுக்கிட்டிருக்கு."

பவுனம்மாள் அவரைப் பார்த்தார். லியனார்ட் கீழ்த்தட்டின் பின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். மரம் ரொட்டிபோல் உள்ளே போயிற்று. பொடி அவர் மணிக்கட்டில் வழிந்தது.

பவுனம்மாள் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். பாதியில் இறக்கிவிட்டார்.

"எங்கேருந்து வந்துச்சு?"

"என் வீட்டுலேருந்து."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க முதல் தடவ எடுத்தப்பத் தெரியாது. கொஞ்ச நாள்ல தெரிஞ்சுது."

"அன்னிக்குப் பூபுக்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் பொடின்னு நெனச்சேன்."

"தெரியும்."

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஏதோ விளம்பரம் பாடியது. பவுனம்மாள் பலகையின் பக்கம் திரும்பினார்.

"அப்போ குகன் போன் பண்ணது?"

"அது எனக்குத் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வர மாட்டீங்க."

பவுனம்மாள் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அந்த வார்த்தை லியனார்டுக்குத் தோன்றியதே இல்லை.

பவுனம்மாள் படங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். முருகன், மாரியம்மன், கணவரின் சின்னப் படம். துண்டில் சுற்றிக் கட்டில்மேல் வைத்தார். விளக்கைத் துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு சுவரைக் காட்டினார்.

"கழட்டி எடுத்துட்டுப் போங்க. சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்க."

தம்புசாமி மறுநாள் லோரியோடு வந்தார். ஒரு பக்கம் பலகை, இன்னொரு பக்கம் செய்தித்தாளில் சுற்றிய மாதா. வழி முழுவதும் தம்புசாமி திட்டினார். பந்திங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி முன்னால் ஊர்ந்தது. அதையும் சேர்த்துத் திட்டினார்.

"எத்தன தடவ கூப்பிட்டேன். ஹலோ ஹலோன்னீங்க. இப்ப ரெண்டு வீட்டுப் பூச்சிய ஏத்திக்கிட்டுப் போறோம். இன்னும் எந்த வீட்டுலல்லாம் பூந்திருக்கோ. எதுக்கு இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க, சொல்லுங்க."

"முகத்துக்காக."

"முகந்தான் இன்னும் மொட்டையா இருக்கே."

லியனார்ட் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓவன் என்பது ஓர் அறை. இரும்புக் கதவு. ஃபேக்டரிப் பலகைகளுக்கு நடுவில் சாமி மேடையையும் மாதாவையும் வைத்துச் சாத்தினார்கள். மறுநாள் எடுத்தபோது இரண்டும் கையில் சுட்டன. சாமி மேடையில் சேதம் ஓரங்களோடு நின்றிருந்தது. மேல்தட்டு கெட்டியாக இருந்தது. மாதாவைத் தூக்கியபோது லியனார்டுக்குக் கை சட்டென்று உயர்ந்துவிட்டது. அவ்வளவு லேசு. வெளித்தோல் நின்றது, மடிப்புகள் நின்றன. அதில் இனி உளி வைக்க முடியாது. வைத்தால் முகம் இருக்க வேண்டிய இடம் உள்ளே இறங்கிவிடும். மாதா அப்படியேதான் இருப்பாள்.

"இது போச்சு லா" என்றார் தம்புசாமி, மெதுவாக. "வேற கட்டை தரேன். மருந்து போட்டது."

"பாக்கலாம்."

பலகையை லியனார்ட் தன் வீட்டில் வைத்துச் சரி செய்தார். தம்புசாமி கொடுத்த மருந்தைத் தூரிகையால் அடியிலும் பின்னாலும் பூசினார். காய்ந்ததும் மறுபடி பூசினார். பொடிந்த ஓரத்தை அறுத்துவிட்டு வேறு துண்டு வைத்து ஒட்டினார். துளைகளை மெழுகால் அடைத்தார். கோணலாக இருந்த வளைவை நேராக்கிவிடலாம் என்று ஒருகணம் தோன்றியது. நேராக்கவில்லை. அந்த நாட்களில் கம்பிக் கதவுக்கு வெளியே யார் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கேட்டது. நின்றவர் யாருமில்லை.

பலகையோடு மேலே போனபோது பவுனம்மாள் வீட்டில் இருந்தார். லியனார்ட் பழைய ஆணித் துளைகளிலேயே திருகுகளை முடுக்கினார். பவுனம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். லியனார்ட் இறங்கியதும், பவுனம்மாள் ஒட்டுப் போட்ட ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கோணல் வளைவையும் தடவினார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"இனிமே வராது. எப்பவாச்சும் பொடி தெரிஞ்சா சொல்லுங்க."

"சரி."

குகன் பேசினானா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

பவுனம்மாள் படங்களைத் துண்டிலிருந்து எடுத்து முன்பிருந்த வரிசையிலேயே வைத்தார். விளக்கேற்றினார். கடையில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். கும்பிட்டு, பூசிக்கொண்டு, திரும்பி, தட்டை லியனார்ட் பக்கம் நீட்டினார். வீட்டுக்கு வந்த யாருக்கும் நீட்டுவதுபோல்.

"எடுத்துக்குங்க."

அண்ணே என்று சொல்லவில்லை. லியனார்ட் அடுத்த சொல்லுக்காகச் சற்றுக் காத்திருந்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்தார்.

"வரேன்" என்றார்.

"ம்."

கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது. பலமாகச் சாத்தவில்லை. லியனார்ட் படியிறங்கினார். விரல்களுக்குள் திருநீறு இருந்தது. நெற்றியில் பூசுவது அவர் பழக்கம் இல்லை. கீழே உதறவும் மனம் வரவில்லை. சட்டைப்பைக்குள் போடுகிற பொருளும் அல்ல. வலது கையை மூடியபடியே தன் கதவுக்கு வந்து, இடது கையால் சாவியைத் துழாவினார். பூட்டுக்குள் அது உடனே போகவில்லை.